கயிலைச் சாரலில் ஓர் இரவு

பயணம் மனிதனுக்குப் பல ஊர்களைக் காட்டுகிறது என்பர். என் பட்டறிவில், பயணத்தின் இடையே தங்க நேரும் இடமே ஒருவனுக்கு அவனையே காட்டித் தருகிறது. நெடுங்காலம் வகுப்பறையில் பிறர்க்குப் பாடம் சொல்லிவந்த எனக்கு, 5,000 மீட்டர் உயரத்தில் ஒரு சிற்றறை சொல்லித் தந்த பாடத்தை ஆசிரிய நண்பர்க்கும் மாணவர்க்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2018ஆம் ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் நானும் என் தமக்கையாரும் திருக்கயிலாய யாத்திரை மேற்கொண்டோம். அக்காள் என்னினும் பத்து வயது மூத்தவர். இளமையிலேயே தோட்டத்தில் பால்மரம் வெட்டச் சென்று, அந்தக் கூலியில் என்னை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வரை படிக்க வைத்தவர். தம் வாழ்நாளில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கயிலையை ஒரு தடவை சுத்தி வரணும் தம்பி."

காத்மாண்டுவிலிருந்து எல்லையைக் கடந்து, கேரூங், சாகா ஆகிய ஊர்களில் தங்கி, 4,590 மீட்டர் உயரத்திலுள்ள மானசரோவர் ஏரியை அடைந்தோம். கயிலையைச் சுற்றும் பாதை ஏறக்குறைய 52 கிலோமீட்டர். இந்துக்கள், பௌத்தர், சமணர், திபெத்தின் தொன்மையான போன் சமயத்தார் ஆகிய நால்வர்க்கும் அது திருமலை. நம்போன்றோர் மூன்று நாளில் நடக்கும் அவ்வழியில் முதல் இரவு திராபுக்கிலும், 5,630 மீட்டர் உயரமுள்ள டோல்மா கணவாயைக் கடந்தபின் இரண்டாம் இரவு சுதுல்புக்கிலும் தங்குதல் வழக்கம்.

முதல் நாள் ஆற்றோரமாக நடந்தோம். உடல் முழுவதும் மண்ணில் படிய விழுந்து வணங்கியவாறே மலையைச் சுற்றும் திபெத்தியரைக் கண்டோம். மாலையில் திராபுக் விடுதியை அடைந்தபோது என் கால்கள் என் வசத்தில் இல்லை.

விடுதி என்றதும் நம் ஊர்த் தங்கும் விடுதிகளை நினைத்தல் வேண்டா. வரிசையாகச் சில அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஐந்து கட்டில்கள், கனத்த மெத்தைப் போர்வைகள், வெந்நீர் நிறைந்த ஒரு குடுவை. அவ்வளவே! குளிக்க நீரில்லை, குளிரைப் போக்கக் கணப்பும் இல்லை. கழிப்பறையோ இருளில் தொலைவாக நடந்து அடையவேண்டிய ஒரு பள்ளம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்றே கூடுதல். அதனால் நீர் ஏறத்தாழ 83 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசி எளிதில் வேகாது. அறிவியல் பாடத்தில் நான் பலமுறை கரும்பலகையில் எழுதிய உண்மைதான்! எனினும், அரைவேக்காட்டுச் சோற்றை வாயிலிட்ட பிறகே அது எனக்கு விளங்கிற்று.

தலைமையாசிரியருக்குரிய குரலில் நான் குறை கூறத் தொடங்கினேன். இத்துணைப் பணம் வாங்கிக்கொண்டு இப்படியோர் அறையா என்று சீறினேன். விடுதிக்காரப் பெண்மணி என் மொழி அறியாதவர். என் முகத்தை மட்டும் படித்துவிட்டு, தம் தோளில் கிடந்த கம்பளியை எடுத்து அக்காளின் கால்மேல் போர்த்திவிட்டுப் போனார்.

அக்காள் மெல்லச் சிரித்தார். "ஏன் தம்பி சத்தம் போடுறே? நாம பொறந்த லயத்து வீட்டைவிட இது நல்லாத்தானே இருக்கு?"

என் தலை கவிழ்ந்தது. ஒரே அறையில் எண்மர் உறங்கிய அந்த லயம், பொதுக்குழாயடியில் காத்திருந்த விடியல்கள், வரிசையின் கோடியில் இருந்த கழிப்பறை அனைத்தும் கண்முன் நின்றன. மாணவர்க்கு வேர்களை மறவாதீர் எனப் பன்முறை அறிவுரை கூறியவன் நான். என் வேரை நான் எப்போது மறந்தேன்?

நிற்க. நள்ளிரவில் அக்காளின் மூச்சு இரைந்தது. நண்பகல் முதலே தலைவலி என்பதையும், இருமுறை வாந்தி எடுத்ததையும் அப்போதுதான் சொன்னார். தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றஞ்சி மறைத்திருக்கிறார்! மலைநோயை மறைப்பது உயிருக்கே உலை வைப்பதாகும். வழிகாட்டி உயிர்வளி வைத்துக் காத்தார். விடிந்ததும் கீழே இறங்குவதே மருந்து என்றார்.

"நீ போ தம்பி. எனக்கும் சேத்து நீ சுத்திட்டு வா," என்றார் அக்காள். ஓர் உதவியாளரை அவருடன் அனுப்பலாம் என்றனர் உடன் வந்தோர். உண்மையை ஒளிக்க விரும்பவில்லை. ஒரு கணம் என் மனம் ஊசலாடியது. இவ்வளவு தொலைவு வந்து திரும்புவதா என்றது ஆசை. மூச்சிரைக்கும் அந்த முகத்தைப் பார்த்தேன். விடியுமுன் பால்வாளியுடன் மழையில் நடந்தவர், ஒருநாளேனும் என்னை நடுவழியில் விட்டுச் சென்றதுண்டா? "நானும் வர்றேன்க்கா," என்றேன்.

விடியலில் வெளியே வந்தோம். கயிலையின் வடமுகம் எதிரே நின்றது. முதல் கதிர் பட்டதும் அது பொன்னாயிற்று. குதிரைமேல் அமர்ந்தவாறே அக்காள் கைகூப்பினார், கண்ணீர் வழிந்தது.

இறங்கும் வழியில் அப்பரடிகள் நினைவுக்கு வந்தார். கால் தேய நடந்தும், கை தேய ஊர்ந்தும் கயிலைக்குச் சென்றவரை இறைவன் வழியிலேயே தடுத்து, பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் காட்சி தந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். அந்த வரலாற்றை நான் பல ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். திரும்புதலும் அருளே என்னும் அதன் பொருளை அன்றுதான் கற்றேன்.

கீழே இறங்க இறங்க அக்காளின் மூச்சு சீரானது. இன்றும் யாரேனும் அப்பயணம் பற்றிக் கேட்டால், பாதியில் திரும்பியதாக அவர் சொல்வதில்லை. "கயிலை மலைக்குப் பக்கத்திலே ஒரு ராத்திரி தங்கினேன்," என்றே சொல்கிறார். எனக்கும் அந்த ஓர் இரவே போதுமானதாக இருக்கிறது.