செம்மண் பாதையில் ஒரு நகரும் வீடு

சென்ற கோடை விடுமுறையை ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரிலுள்ள என் அத்தை வீட்டில் கழிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. திரும்பி வந்ததிலிருந்து, "அங்கே என்ன பார்த்தாய்?" என்று கேட்ட தோழியர் எல்லாரிடமும், "கங்காரு பார்த்தேன்" என்று சொல்லித் தப்பித்து வந்தேன். ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட சிஸ்டரிடம் அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. "கங்காரு பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. நீ பட்டதை எழுது" என்று சொல்லிவிட்டார்கள். பட்டதைத்தான் எழுதுகிறேன்.

'கேரவன்' என்றதும் நம் ஊரில் சினிமா நடிகர்கள் உட்காரும் வண்டிதான் நினைவுக்கு வரும். என் மாமாவிடம் இருப்பது அதுவன்று. அதற்கு எஞ்சின் கிடையாது. இரண்டே சக்கரங்களின் மேல் நிற்கும் ஓர் அறை. உள்ளே இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, சிறிய குளிர்பெட்டி, ஒரு தொட்டித் தண்ணீர். எல்லாச் சாமானும் ஏற்றினால் ஏறக்குறைய 1,800 கிலோ. அதைக் காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும். மாடு முன்னே, வண்டி பின்னே என்று நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

அந்த வண்டியோடு ஊட்னடாட்டா பாதையில் போவது என்று மாமா முடிவு செய்திருந்தார். மாரீ என்ற ஊரிலிருந்து மார்லா வரைக்கும் சுமார் 620 கி.மீ. தார் இல்லாத மண் சாலை. இடையில் ஊர் என்று சொல்லத்தக்கவை வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா என்ற இரண்டே. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுமார் 200 கி.மீ. மழை பெய்துவிட்டால் சாலையையே மூடிவிடுவார்கள். பயணத்துக்கு ஏற்ற காலம் அங்கே குளிர் தொடங்கும் மே மாதம். நமக்குக் கத்திரி வெயில் கொளுத்தும்போது அங்கே இரவில் கம்பளி தேவைப்படுகிறது!

புறப்படுவதற்கு முந்தின வாரம் முழுவதும் வீடு பட்டறையாக இருந்தது. சுமையை எங்கே வைப்பது என்பதே ஒரு கணக்கு. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இறங்க வேண்டுமாம். பின்பக்கம் கனம் கூடிவிட்டால் வேகமாகப் போகும்போது கேரவன் மீன் வாலைப்போல இடமும் வலமும் ஆடத் தொடங்கும், காரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். ஆகவே அத்தையின் அரிசி டின் மூன்று முறை இடம் மாறியது. காரின் சக்கரம் எறியும் கற்கள் கேரவனின் முகப்பில் பட்டுத் திரும்பி வந்து காரின் பின்கண்ணாடியையே உடைத்துவிடும் என்பதற்காக ஒரு தடித்த தடுப்புத் திரையும் கட்டினார்கள். சக்கரங்களின் பேரிங்குகளைக் கழற்றிக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்தார்கள். வலது சக்கரத்தை மாமா செய்தார். இடது சக்கரத்தை அத்தை மகன், அதாவது என் அண்ணன், செய்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. மாமா தனியாக அவனை நம்பி விட்ட முதல் வேலை அது.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் நான் இறங்கிப் போய், கேரவனின் இரண்டு சக்கரங்களுடைய நடுக்குடத்தையும் புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இளஞ்சூடாக இருந்தால் நலம். ஒன்று மட்டும் சுட்டால் உள்ளே பேரிங் தேய்கிறது என்று பொருள். உள்ளங்கையால் தொடக் கூடாது. சுட்டுவிட்டால் அப்புறம் ஒன்றையும் பிடிக்க முடியாது. "இது சின்ன வேலை என்று நினைக்காதே அம்மா" என்றார் மாமா. நான் சின்ன வேலை என்றுதான் நினைத்தேன்.

மாரீ வரை சொல்லும்படியாக ஒன்றுமில்லை. அங்கே டயர்களின் காற்றை 40 பவுண்டிலிருந்து 28க்குக் குறைத்தார்கள். காற்று குறைந்த டயர் கல்லின்மேல் மெத்தென்று வளைந்து கொடுக்குமாம். மாரீயில் ஒரு காலத்தில் ஒட்டகக்காரர்கள் வாழ்ந்தார்கள். இன்றைய ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியா ஆகிய பகுதிகளிலிருந்து ஒட்டகங்களோடு வந்து, ரயில் எட்டாத இடங்களுக்கெல்லாம் சுமை கொண்டு போனவர்கள். எல்லாரையும் அங்குள்ளோர் 'ஆப்கான்' என்றே அழைத்தார்களாம். பிறகு வந்த ரயிலுக்கும் 'கான்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பழைய ரயில் பாதை 1884இல் மாரீயை எட்டி, 1891இல் ஊட்னடாட்டாவை எட்டி, 1929இல்தான் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் சேர்ந்தது. 1980இல் அதை மூடிவிட்டார்கள். நாங்கள் போன சாலை அதன் ஓரமாகவே செல்கிறது. இடிந்த நிலையங்களும் தண்ணீர்த் தொட்டிகளும் வழியெங்கும் நிற்கின்றன.

மாரீக்கு அப்பால்தான் உண்மையான சோதனை. வண்டிகள் ஓடி ஓடி அந்த மண் சாலை தகரக் கூரையைப்போலக் குறுக்கே வரி வரியாகிவிட்டது. அந்த வரிகளின் மேல் போகும்போது பல் கிடுகிடுக்கிறது. பேசினால் குரல் நடுங்குகிறது. நாங்கள் 50, 60 கி.மீ. வேகத்துக்கு மேல் போகவில்லை. முதல் நிறுத்தத்தில் கேரவனின் கதவைத் திறந்த அத்தை, "ஐயோ!" என்று அலறினார்கள். ஊறுகாய்ப் பாட்டிலின் மூடி அந்த அதிர்வில் தானாகவே திருகித் திறந்து, எண்ணெய் முழுவதும் தலையணையில்! சுவரிலிருந்து நான்கு திருகாணிகள் கழன்று தரையில் கிடந்தன. அத்தைக்கு ஊறுகாய் போன துக்கம் மார்லா வரை தீரவில்லை. செம்மண் தூசியோ கண்ணுக்குத் தெரியாத இடுக்கிலெல்லாம் நுழைந்தது. கூரையிலுள்ள ஒரு சிறு வாயிலை முன்பக்கமாகத் திறந்து வைத்தால், காற்று உள்ளே அழுந்தி நின்று தூசியை வெளியே தள்ளும் என்று அண்ணன் கண்டுபிடித்தபிறகு கொஞ்சம் தேவலை.

ஐர் ஏரியின் தென்பகுதியைப் பார்க்கும் மேட்டில் நின்றோம். அங்குள்ள அரபனா மக்கள் அந்த ஏரியைக் கட்டி தண்டா என்பார்கள். இப்போது இரு பெயரையும் சேர்த்தே வழங்குகிறார்கள். கடல் மட்டத்துக்கும் சுமார் 15 மீட்டர் கீழே இருக்கிறதாம் அதன் தாழ்ந்த இடம். தண்ணீர் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போன எனக்குக் கண்ணெட்டிய மட்டும் உப்புதான் தெரிந்தது. தூத்துக்குடி உப்பளத்தைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு தாம்பாளம் என்றால் இது வானம். அங்கே நான் சக்கரங்களை ஒழுங்காகத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் இளஞ்சூடு.

அடுத்து நின்ற இடம் 'பப்ளர்' என்னும் நீரூற்று. அந்த வறண்ட வெளியில், ஒரு சிறு மேட்டின் உச்சியில், குளம்போல் தண்ணீர். நடுவில் மணல் பால் பொங்குவதுபோலக் கிளம்பிச் சுழன்று அடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான பரப்பின் அடியில் ஒரு நிலத்தடி நீர்ப்படுகை இருக்கிறது. எங்கோ கிழக்கே, குவீன்ஸ்லாந்து மலைகளில் பெய்த மழை மண்ணுக்கு அடியிலேயே ஊர்ந்து, பல இலட்சம் ஆண்டுகள் கழித்து இப்படி மேலே வருகிறது. இந்த ஊற்றுகளின் வரிசையைப் பின்பற்றித்தான் அரபனா மக்களின் நடைபாதை இருந்தது. 1872இல் முடிந்த தந்திக் கம்பிப் பாதையும் நீராவி ரயிலும் அவர்கள் வழியிலேயே பிறகு வந்தன.

வண்டி நின்றதுமே நான் ஊற்றைப் பார்க்க ஓடிவிட்டேன். திரும்பி வந்து காரில் ஏறியபோது மாமா கேட்டார், "பார்த்தாயா அம்மா? இரண்டும் சரிதானே?"

சரி என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. இறங்கிப் போய்த் தொட்டு வர ஒரு நிமிடம் ஆகாது. மாமா கோபித்துக்கொள்பவரும் அல்லர்.

கவர்ட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் பேரீச்ச மர நிழலும் தண்ணீரும் தங்குமிடமும் உண்டு. பொழுது சாய்வதற்குள் வில்லியம் கிரீக் போய்விடலாம் என்று அதை நிற்காமலே கடந்தோம். அதன்பின் முப்பது முப்பத்தைந்து கி.மீ. போயிருப்போம். கண்ணாடியைப் பார்த்த அண்ணன், "அப்பா, நிறுத்துங்கள்! புகை!" என்றான்.

இடது சக்கரம் சாய்ந்து நின்றது. அதன் மூடி எங்கோ கழன்று விழுந்திருந்தது. தீய்ந்த கிரீஸின் நாற்றம். இன்னும் சில கி.மீ. போயிருந்தால் சக்கரமே கழன்று ஓடியிருக்கும், கேரவன் காரையும் இழுத்துக்கொண்டு சாய்ந்திருக்கும் என்று மாமா பிறகு சொன்னார். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இரும்பு ஆறும்வரை காத்திருந்தோம். சூட்டோடு தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடுமாம். மணலில் ஜாக்கி இறங்காமலிருக்க அடியில் பலகை வைத்து வண்டியைத் தூக்கினார்கள். சக்கரத்தைக் கழற்றி, ஆணியை உருவி, நட்டைத் திருகி, குடத்தை இழுத்தபோது பேரிங்கின் உருளைகள் நீலம் பாரித்துப் பொடிப்பொடியாக விழுந்தன. எங்கள் தாத்தாவின் மாட்டு வண்டியிலும் இதே அச்சு, இதே குடம், இதே கடையாணிதான். தாத்தா தினமும் மை போடுவார்.

மாமா மாற்றுப் பேரிங் கொண்டு வந்திருந்தார். ஆனால் பொழுது இறங்கிவிட்டது. நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒவ்வொரு இடத்திலும் இவள் தொட்டுப் பார்த்திருக்கிறாள். சூடு இல்லை. அப்படியானால் இது திடீரென்று போயிருக்கிறது" என்று மாமா தமக்குத் தாமே கணக்குப் போட்டார். பிறகு அண்ணனைப் பார்த்தார். "கிரீஸ் ஒழுங்காக அடைத்திருந்தால் இப்படிப் போகாது. உன்னை நம்பி ஒரே ஒரு சக்கரம் கொடுத்தேன்."

"நான் சரியாகத்தான் அடைத்தேன், அப்பா."

"சரியாக அடைத்த இலட்சணம் இதோ கிடக்கிறது."

அண்ணன் அப்புறம் பேசவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உப்புக் காகிதத்தால் அச்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் கைகளில் பேரிங்கின் கறுப்பு.

அந்த நேரத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. வெள்ளைக்கார முதியவர் ஒருவரும் அவர் மனைவியும். அந்தச் சாலையில் நின்ற வண்டியைக் கண்டால் யாரும் கேட்காமல் போவதில்லை. கைப்பேசிக் கோபுரம் இல்லாத ஊரில் அதுதான் வழக்கம். புதுப் பேரிங் அச்சில் பொருந்துகிறது என்று தெரியும்வரை இருவரும் போகவில்லை. "வில்லியம் கிரீக்கில் சொல்லிவைக்கிறோம். நாளை நண்பகலுக்குள் நீங்கள் வராவிட்டால் தேடி வருவார்கள்" என்றார் அந்த அம்மா. எனக்கு ஒரு கோப்பை தேநீர் தந்து, "நல்ல பெண், அப்பாவுக்கு உதவி செய்கிறாய்" என்று கன்னத்தைத் தட்டினார். அந்தத் தேநீரை என்னால் விழுங்க முடியவில்லை.

அவர்கள் வண்டியின் விளக்கு மறைந்தது. "வெளிச்சத்தை ஆட்டாதே அம்மா" என்றார் மாமா.

"மாமா, நீரூற்றில் நான் தொட்டுப் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று பொய் சொன்னேன்."

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையில் கிரீஸை வைத்துப் புதுப் பேரிங்கை அதில் அழுத்தி அழுத்தி நிரப்பிக்கொண்டிருந்த கை மட்டும் கொஞ்சம் நின்றது. "டார்ச்சை இடப்பக்கம் காட்டு" என்றார். அவ்வளவுதான். வேலை முடிந்து கை துடைத்தபிறகு அண்ணனிடம் போய், "தப்பாகச் சொல்லிவிட்டேன்டா, மனதில் வைத்துக்கொள்ளாதே" என்றார். என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

இருட்டில் கங்காருவும் மாடும் குறுக்கே வரும் என்பதால் அங்கேயே தங்கினோம். சாப்பிடும்போது மாமா பழைய பேரிங்கை விளக்கில் திருப்பிப் பார்த்துவிட்டு விளக்கினார். பின்புறத்து ரப்பர் வளையம் அதிர்வில் கிழிந்து தூசி உள்ளே போயிருக்கிறது. அதற்கு யாரும் பொறுப்பல்ல. ஆனால் ஊற்றின் அருகிலேயே சூடு தெரிந்திருந்தால், கவர்ட் ஸ்பிரிங்ஸ் நிழலில் ஒரு மணி நேரத்தில் மாற்றியிருக்கலாம். அச்சில் தழும்பு விழுந்திருக்காது. இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பேரிங்கைப் பார்த்துத்தான் சொன்னார். அத்தை எனக்கு இரண்டு கம்பளி போர்த்திவிட்டார்கள். அன்றிரவு வானத்தில் இருந்த நட்சத்திரங்களைப் பற்றி எழுதலாம். நான் அவற்றை ஒழுங்காகப் பார்க்கவில்லை.

காலையில் 30 கி.மீ. வேகத்தில் ஊர்ந்து வில்லியம் கிரீக் சேர்ந்தோம். உலகிலேயே மிகப் பெரிய கால்நடைப் பண்ணையான அன்னா கிரீக்கின் நடுவே இருக்கிறது அந்தக் குக்கிராமம். முந்தின நாள் வந்த முதியவர் வாசலிலேயே நாற்காலி போட்டு எங்களுக்காக உட்கார்ந்திருந்தார்.

புறப்படும்போது வேறு யாராவது அந்த வேலையை எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மாமா கார்க் கதவைத் திறந்தவாறே, "தொட்டுப் பார்த்துவிட்டு வா அம்மா" என்றார். தொட்டேன். நான் ஏறிய பின் அண்ணன் இறங்கிப் போய் இரண்டு சக்கரங்களையும் தானும் தொட்டுவிட்டு வந்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த நிறுத்தத்திலும் அப்படியே. அதற்கடுத்த நிறுத்தத்திலும் அப்படியே.

ஆல்ஜிபக்கினாவில் நீல்ஸ் ஆற்றின் மேல் 1892இல் கட்டி முடித்த பழைய ரயில் பாலம் இருக்கிறது. 578 மீட்டர் நீளம். இப்போது அதன்மேல் ரயில் இல்லை, ஆற்றில் ஆங்காங்கே தேங்கிய நீர்தான். நான் சக்கரங்களைத் தொட்டுவிட்டு வந்து, "வலது இளஞ்சூடு, இடது அதைவிடக் கொஞ்சம் கூட, ஆனால் கை வைக்க முடிகிறது" என்றேன். அண்ணன் கதவின் பிடியில் கை வைத்தான். பிறகு கையை எடுத்துவிட்டு, "வா, பாலத்தைப் பார்க்கப் போகலாம்" என்றான்.