மொனாக்கோவில் ஒரு முருகைத் தோட்டம்

நீஸ் நகரத்திலிருந்து மொனாக்கோவுக்குப் புகைவண்டியிலே அரைமணி நேரப் பயணந்தான். வலப்புறத்தே நீலக்கடல், இடப்புறத்தே மலைச்சாரல். ஆயினும் எம்முடன் வந்த பதினான்கு வயதுப் பெறாமகன் இரண்டையும் பார்த்தானில்லை. அவனது மௌனத்துக்குக் காரணம் நாமே.

எம் தம்பியாரின் குடும்பம் பாரிஸில் வாழ்கின்றது. பையன் ஓராண்டு சேர்த்த காசிலே கடல்நீர்த் தொட்டியொன்று அமைத்தான். உயிருள்ள முருகையை அதில் எப்போது வைக்கலாமெனத் தொலைபேசியிலே எம்மைக் கேட்டான். "நீர் தெளிந்துவிட்டதா? அப்படியானால் வைக்கலாம், ராசா" என்றோம். இருபது ஆண்டுகளாக உயிரியல் கற்பிக்கும் ஒருவர் சொல்லத்தக்க விடையா அது! பத்தாம் நாள் வைத்த கொம்பு முருகை, மறுகிழமையே தசை உரிந்து வெள்ளெலும்பாயிற்று. "காசைத் தண்ணீரிலே கொட்டினாய்" என்று தகப்பனார் கடிந்தபோதும் பையன் எம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகம் செங்குத்துப் பாறையின் விளிம்பிலே, கடலினின்றே எழுந்தது போல நிற்கின்றது. கடலாராய்ச்சியிலே பெருவிருப்புடைய இளவரசர் முதலாம் அல்பேட் 1910 ஆம் ஆண்டில் அதனைத் திறந்துவைத்தார். 1957 முதல் முப்பதாண்டளவு அதன் பணிப்பாளராயிருந்தவர் புகழ்பெற்ற ஜாக் கூஸ்தோ. மேல்மாடித் திமிங்கில எலும்புக்கூட்டை விரைந்து கடந்து, மீன்தொட்டிகள் உள்ள கீழ்த்தளத்துக்கு இறங்கினோம்.

அங்கேதான் பையன் முதன்முறையாக வாய்திறந்தான். ஜிபூத்திக் கடலிலிருந்து 1989 இல் கொண்டுவந்து நாட்டிய முருகைத் திட்டு எம்முன் நின்றது. கிளைவிட்டனவும், தட்டாய் விரிந்தனவும், மூளைபோல் மடிப்புண்டனவும் ஒளியிலே விளங்கின. "இவை மட்டும் ஏன் சாகவில்லை, பெரியப்பா?" என்றான்.

தொட்டியின் முன்னேயே பாடம் நடந்தது. உயிர்களின் கழிவிலும் அழுகும் பொருளிலும் அமோனியா உண்டாகின்றது. அதற்கு நிறமில்லை, ஆகவே பளிங்குபோன்ற நீரும் நஞ்சாயிருக்கக் கூடும். ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்றாக்கும். இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை ஊறு குறைந்த நைத்திரேற்றாக்கும். பாறையிலும் மணலிலும் இவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு கிழமை செல்லும். அமோனியாவும் நைத்திரைற்றும் முற்றாக அற்ற பின்னரே மற்றைய உயிர்களுக்கு இடம். ஷான் ஷோபேர் என்னும் பேராசிரியர் இந்தத் திட்டுக்கு வகுத்த முறையிலே மணலே பெருந்தொழிலாளி: துளைத்தட்டின்மேல் பரப்பிய மணலின் ஆழத்தில், ஒட்சிசன் குறைந்த இடத்து வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றையும் நைதரசன் வாயுவாக்கி வெளியேற்றுகின்றன.

"அப்படியானால் ஆறாவது கிழமையிலே வைக்கலாமா?" என்றான் பையன்.

இம்முறை நாம் அவசரப்படவில்லை. புதிய தொட்டியின் பாறையிலே முதலில் கபில நிறப் படலம் படியும். பின்னர் பச்சை அல்கா வரும். அதை மேய நத்தைகள் வேண்டும். இவையெல்லாம் அடங்கி, உப்பு லீற்றருக்கு 35 கிராம் அளவிலும் வெப்பம் 25 பாகை அளவிலும் நாள்தோறும் மாறாது நிற்குமானால், இரண்டு மூன்று மாதத்தில் மென்முருகைகளை வைத்துப் பார்க்கலாம். கல்சியத்தை உறிஞ்சிக் கல் கட்டும் கொம்பு முருகைக்கு ஆறு மாதமும் போதாதெனலாம், ஓராண்டு நன்று. சிறிய தொட்டியிலே நீர் ஆவியாகும் அளவுக்கு உப்பு ஏறும் என்பதையும் சொன்னோம். பையன் பயணச்சீட்டின் பின்புறத்திலே எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான்.

அன்றிரவு தம்பியாரிடம் உண்மையை உரைத்தோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "நீங்களா அண்ணை?" என்று மட்டும் கேட்டார். பின்னர் எழுந்து மகனின் அறைக்குச் சென்றார்.

நாம் ஊர் திரும்பும் காலையிலே, வெறும் பாறைகள் கிடந்த அத்தொட்டியின் நீரைச் சிறு குழாயில் எடுத்து மருந்து சொட்டினான் பையன். நீர் இளஞ்சிவப்பாயிற்று, நைத்திரைற்று இன்னும் இருந்தது.

"இன்னும் இல்லை, பெரியப்பா" என்று கூறிக் குழாயைக் கழுவி வைத்தான்.