இருபது கிலோ அரிசியும் ஒரு கிலோ பருப்பும்

தை, ஞாயிறு

சென்னை – அரக்கோணம் புறநகர் ரயில் பாதையில் பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையில் உள்ள நெமிலிச்சேரியில், அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தொழிற்கூடங்களிலும் நகரத்துக் கடைகளிலும் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் குடும்பங்கள் பல குடியிருக்கின்றன. அரிசி பெறும் குடும்ப அட்டை வைத்திருக்கும் அத்தகைய நால்வர் வீட்டை மாதிரியாகக் கொண்டு, ஒரு வாரத்தில் அடுப்பில் ஏறும் பண்டங்களைச் செலவோடும் சத்தோடும் சேர்த்து ஆராய்வதே இக்குறிப்புகளின் நோக்கம்.

அளவுகோலாகக் கொள்ளப்படுவது, ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிகள். நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பும் பயறும் (அல்லது அவற்றுக்கு ஈடான முட்டை, மீன், இறைச்சி) 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், நிலக்கடலை, எள் போன்ற கொட்டைகளும் வித்துகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி என்று அந்நெறிகள் வகுக்கின்றன. பிள்ளைகளின் தேவை வயதுக்கேற்ப மாறும் என்பதை ஒதுக்கிவைத்து, இதை நான்கு பேருக்கும் முப்பது நாளுக்கும் பெருக்கினால், மாதத்துக்குத் தானியம் 30 கிலோ, பருப்பு வகை 10 கிலோவுக்குச் சற்று மேல், காய்கறி 48 கிலோ என்று கணக்கு வருகிறது.

நியாயவிலைக் கடையிலிருந்து இத்தகைய வீட்டுக்கு மாதந்தோறும் வருவது பொதுவாக 20 கிலோ அரிசியும் ஒரு கிலோ துவரம்பருப்பும். 2008 செப்டம்பரில் கிலோ ஒரு ரூபாய்க்கு இறங்கிய அரிசி, 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வழங்கப்படுகிறது. பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆகவே, தானியத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கை அரசே நிரப்பிவிட, பருப்புத் தேவையில் பத்தில் ஒன்றே நிரம்புகிறது. செலவில்லாமல் கிடைப்பதைக் கொண்டே வயிற்றை நிரப்புவது எந்த வீட்டிலும் இயல்பு என்பதால், சோறு மலையாகவும் குழம்பு நீர்த்தும் போவதற்கு அறியாமையைவிட இந்தக் கணக்கே பெருங்காரணம். அரிசியில் மிச்சமாகும் பணம் பருப்புக்கும் கீரைக்கும் போய்ச் சேருகிறதா, அல்லது பாக்கெட் தின்பண்டத்தில் கரைகிறதா என்பதை வைத்தே அந்த வீட்டின் உணவு நலம் முடிவாகிறது.

தை, திங்கள்

இன்றைய சோறு ரேஷன் புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, அதன் பிறகு உமி நீக்கப்படுவதே புழுங்கல்; இந்த முறையில் தவிட்டை ஒட்டியிருக்கும் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்து மணியின் உட்பகுதிக்கு ஊடுருவி, அரிசியைத் தீட்டிய பின்னும் ஓரளவு தங்கிவிடுகிறது. இந்த உண்மையை நிறுவிய ஆய்வுகளில் நீலகிரிக்குப் பெரும் பங்குண்டு. கைகால் மரத்து இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோயை ஆராய்வதற்காக, 1918இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் இராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுப் பிரிவுதான் பின்னாளில் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. மலிவு என்று சிலர் முகம் சுளிக்கும் புழுங்கல் அரிசி, பளபளக்கத் தீட்டிய பச்சரிசியைவிட இந்த ஒரு வகையில் மேலானது என்பதை அந்த அறையிலிருந்து தொடங்கிய ஆய்வு மரபு தெளிவாக்கியது.

ஆனால் அந்தச் சத்து தண்ணீரில் கரையக்கூடியது. அரிசியை நாலைந்து முறை தேய்த்துக் கழுவுவதும், நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் அதை வெளியேற்றிவிடுகின்றன. வடித்த கஞ்சியில் உப்பும் மோரும் கலந்து குடிப்பதும், ரசத்துக்கோ குழம்புக்கோ அதைச் சேர்ப்பதும் காசில்லாத திருத்தங்கள். 2023இல் மாநிலம் முழுவதும் வழங்கத் தொடங்கிய செறிவூட்டப்பட்ட அரிசிக்கும் இது பொருந்தும். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைக் கலந்து அரிசி வடிவிலேயே வார்த்த மணிகளை, நூறு மணிக்கு ஒன்று என்ற விகிதத்தில் சாதாரண அரிசியில் கலப்பதே செறிவூட்டல். முறத்தில் பரப்பினால் சற்று வெளுத்துத் தனியே தெரியும் அந்த மணிகளைப் ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று சந்தேகித்துப் பொறுக்கி எறிவோர் உண்டு. எறியப்படுவது அந்த அரிசியின் கூடுதல் சத்து முழுவதும்.

இரவில் மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தாயிற்று. அதே அரிசியில் நான்கு பங்கும் உளுந்தில் ஒரு பங்கும் தனித்தனியே ஊறவைத்து ஆட்டிய மாவு, மறுநாளைக்காகப் பொங்குகிறது. ரேஷன் அரிசியை இட்லிக்குப் போடுவது இப்பகுதியில் வழக்கம். கடையில் வாங்கும் ஈரமாவுப் பாக்கெட்டின் செலவு அதனால் மிச்சமாகிறது.

தை, செவ்வாய்

பருப்புப் பற்றாக்குறையை ஈடுசெய்ய முதலில் செய்ய வேண்டியது, துவரம்பருப்பு ஒன்றையே நம்புவதை விடுவது. வெளிச்சந்தையில் விலை அதிகம் ஏறி இறங்கும் பருப்புகளில் துவரையும் ஒன்று. பெரும்பாலும் அதைவிட மலிவாகக் கிடைக்கும் கொள்ளில், புரதம் ஏறக்குறைய அதே அளவாக 100 கிராமுக்கு 21 கிராமுக்கு மேலும், இரும்பு இரு மடங்குக்கு மேலும் இருப்பதாக இந்திய உணவுப் பகுப்பாய்வு அட்டவணைகள் காட்டுகின்றன. காராமணி, பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை ஆகியனவும் தோல் நீக்கப்படாத முழுப் பயறுகள் ஆகையால், உடைத்த பருப்பில் குறைவாக உள்ள நார்ச்சத்தும் அவற்றோடு கூடுதலாக வருகிறது.

அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயற்றுப் புரதத்தில் மெத்தியோனின் குறைவு. அமினோ அமிலங்கள் என்பவை புரதத்தைக் கட்டும் கூறுகள். ஒன்றில் குறைந்ததை மற்றது ஈடுசெய்வதால், தானியம் மூன்று பங்குக்குப் பயறு ஒரு பங்கு என்று சேர்த்து உண்ணும்போது புரதத்தின் தரம் உயர்கிறது. மூன்று ஆழாக்கு அரிசி உலையில் போனால் ஓர் ஆழாக்குப் பயறும் ஏதோ ஒரு வடிவில் அன்றைய சமையலில் இருக்க வேண்டும் என்பதே இதன் அடுப்படிப் பொருள். காலையில் பச்சைப்பயறு சேர்ந்த பொங்கல், மதியம் காராமணியும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, மாலையில் சுண்டல் என்று பிரித்தால் அந்த அளவு எவருக்கும் திகட்டாமல் செலவாகிறது. பொங்கலை ஒட்டிச் சந்தைக்கு வரும் பச்சை மொச்சையும் தையில் இந்தப் பட்டியலில் சேரும்.

இரவே ஊறவைக்கும் பழக்கத்துக்கு இரண்டு பயன்கள் உண்டு. இரும்பையும் துத்தநாகத்தையும் உடல் ஏற்காமல் பிடித்துவைக்கும் ஃபைடிக் அமிலம் ஊறுவதாலும், இன்னும் அதிகமாக முளைகட்டுவதாலும் குறைகிறது. ஊறிய பயறு குக்கரில் விரைவாக வெந்துவிடுவதால் சிலிண்டரும் கூடுதல் நாள் வருகிறது. இன்று ஊறிய கொள்ளை வேகவைத்த தண்ணீர் ரசமாயிற்று. வெந்த கொள்ளு, சின்ன வெங்காயமும் தேங்காய்த் துருவலும் சேர்ந்து சுண்டலாயிற்று.

தை, புதன்

நால்வருக்கான 30 கிலோ தானியத்தில் ரேஷன் அரிசி போக மீதமிருக்கும் 10 கிலோவே இந்த வீட்டுக்குத் தேர்வுச் சுதந்திரம் உள்ள இடம். அந்த இடத்தைக் கேழ்வரகுக்கும் கம்புக்கும் ஒதுக்குவது அறிவுடைமை என்பதற்கு ஓர் எண்ணே போதும்: 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து சுமார் 360 மில்லிகிராம், தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராமையும் எட்டுவதில்லை. நபருக்கு 300 மில்லி என்ற கணக்கில் நாளொன்றுக்கு 1.2 லிட்டர் பால் வாங்க இயலாத வீட்டில், கேழ்வரகுக் கூழோ களியோ அந்தக் குறையில் ஒரு பகுதியைத் தீர்க்கிறது.

ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததை ஒட்டிச் சிறுதானியம் மீண்டும் பேசுபொருளாயிற்று. தமிழ்நாட்டிலும் அதே ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைதாரர்களுக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. மறுபுறம், தினை, சாமை, குதிரைவாலி ஆகியன பெரிய கடைகளின் பளபளப்பான பைகளில் ஏறி, பட்ஜெட் வீட்டின் கைக்கு எட்டாத விலைக்குப் போயின. எல்லாச் சிறுதானியமும் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மலிவான கேழ்வரகையும் கம்பையும் முழுத் தானியமாக வாங்கி, கல் நீக்கி, முளைகட்டி உலர்த்தி, பொட்டுக்கடலையும் வறுத்த நிலக்கடலையும் சேர்த்து மாவு மில்லில் அரைத்துவைத்தால், அதுவே சத்துமாவு. டப்பாவில் வரும் மால்ட் பானங்களில் சர்க்கரையும் சேர்ந்தே வருவதால், வாங்குபவர் சர்க்கரைக்கும் சேர்த்துப் பணம் தருகிறார்.

ரேஷன் அரிசியின் ஒரு பகுதிக்குப் பதிலாக, இருப்பைப் பொறுத்துக் கோதுமை பெறவும் வழியுண்டு. அதையும் அதே மில்லில் தவிட்டோடு அரைத்துக்கொண்டால் சப்பாத்தி மாவுப் பாக்கெட் தேவையில்லை.

தை, வியாழன்

காய்கறிக் கணக்கே எல்லாவற்றிலும் கடினமானது. நாளொன்றுக்கு நால்வருக்கு 1.6 கிலோ என்பது பல வீடுகளில் இரண்டு மூன்று நாள் வாங்கும் அளவு. அதை எட்டுவதற்கு மலிவான வழி, பருவத்தில் மலிந்ததை வாங்குவதும் கீரையை அன்றாடப் பொருளாக்குவதும்.

இப்பகுதியின் மொத்த வியாபாரம் கோயம்பேட்டை நம்பியே நடக்கிறது. 2020 மே மாதம் பெருந்தொற்றால் கோயம்பேடு மூடப்பட்டபோது, நெமிலிச்சேரியிலிருந்து வெளிவட்டச் சாலை வழியாக எளிதில் எட்டக்கூடிய திருமழிசைக்குச் சந்தை தற்காலிகமாக மாற்றப்பட்டு, செப்டம்பரில் காய்கறி வியாபாரம் மீண்டும் பழைய இடத்துக்கே திரும்பியது. ஊருக்குப் பக்கத்தில் விளைந்த காயும் கோயம்பேடு போய் வந்தால், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, தரகு ஆகியவற்றைச் சுமந்தே கடைக்கு வருகிறது. கீரை இரண்டாம் நாளே வாடிவிடும் என்பதால், அருகிலிருந்து நேரே தெருவுக்கு வரும் கட்டுகளில் இந்தச் சுமை குறைவு.

தையில் முருங்கைக்காயின் விலை உச்சத்தில் இருக்கும். அதே மரத்தின் கீரையோ, கொல்லையிலும் வேலியோரத்திலும் கேட்டால் கிடைப்பது. 100 கிராம் முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச்சத்து 300 மில்லிகிராமுக்கு மேல் இருப்பதோடு, பார்வைக்குத் தேவையான பீட்டா கரோட்டினும் நிறைந்திருக்கிறது. காம்பை உருவி, இலையை நறுக்காமல், கழுவிய ஈரத்தோடு வாணலியில் போட்டு, மூடாமல் நான்கைந்து நிமிடம் வதக்கி, வேகவைத்த பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்து இறக்கினால் பொரியல் நிறம் மாறாமல் வருகிறது. எண்ணெய் ஒரு கரண்டிக்கு மேல் கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) பதிவு செய்துள்ளது. கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. உடன் உண்ணும் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றின் சி உயிர்ச்சத்து அதை ஏற்கச் செய்கிறது, சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயின் டானின் அதைத் தடுக்கிறது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

தை, வெள்ளி

எண்ணெய்க்கு வழிகாட்டி நெறிகள் வகுக்கும் அளவு, நால்வருக்கு மாதம் மூன்றரை லிட்டர் அளவில் வரும். ரேஷனில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு லிட்டர் பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதாவது மிகுந்தால் இதயத்துக்குக் கேடு தரும் வகை என்பதால், அதைத் தாளிப்புக்கு அளவாக வைத்துக்கொண்டு, மீதியைக் கடலையெண்ணெயும் நல்லெண்ணெயுமாகப் பிரிப்பது பொருத்தம். மாதத் தொடக்கத்திலேயே அளவைப் பாட்டிலில் தனியே ஊற்றிவைத்தால், வடையும் அப்பளமும் எத்தனை நாளைக்கு என்பது தானே முடிவாகிவிடும்.

தை, சனி

வாரத்தின் கடைசிச் சமையலில் நெத்திலி சேர்ந்தது. வஞ்சிரத்தோடு ஒப்பிட விலை மிகக் குறைந்த இச்சிறு மீன் முள்ளோடு உண்ணப்படுவதால், புரதத்தோடு சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கிறது. மத்தியும் கானாங்கெளுத்தியும் இதே வரிசையில் வரும் மலிவு மீன்கள். மீன் இல்லாத வாரத்தில் முட்டைக் குழம்பு அந்த இடத்தை நிரப்பும்.

வாரக் கணக்கைக் கூட்டிப் பார்க்கையில், அரிசிக்குப் பணம் போகவில்லை; அதிகம் போனது பயறு, கீரை, காய், பால் ஆகியவற்றுக்கு. தானியங்களிலிருந்து பெறும் ஆற்றல் மொத்தத்தில் 45 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது நெறிமுறை; இந்தியர்கள் பெறுவதோ 50 முதல் 70 விழுக்காடு வரை. அந்த இடைவெளியைச் சுருக்க இந்த வீட்டில் புதுப் பண்டம் எதுவும் தேவைப்படவில்லை, தட்டில் சோற்றின் பங்கு குறைந்து குழம்பில் உள்ள காய், பயறுகளின் பங்கு கூடினால் போதுமாக இருந்தது.

எனினும் பணத்தில் மிச்சமானது நேரத்தில் செலவாகியிருக்கிறது என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஊறவைத்தல், முளைகட்டுதல், கீரை ஆய்தல், மாவாட்டுதல், மில்லுக்கு நடத்தல் ஆகிய அத்தனையும் பெரும்பாலும் ஒரே பெண்ணின் தலையில் விழுகின்றன. அவரும் காலை ரயிலைப் பிடிக்க வேண்டியவரானால், பாக்கெட் மாவும் பரோட்டாவும் வெல்வது தவிர்க்க முடியாதது. கீரை ஆய்வது கணவனுக்கும், பயறு ஊறவைப்பது பிள்ளைகளுக்கும், மில்லுக்குப் போவது வீட்டில் ஓய்வாக இருப்பவருக்கும் என்று வேலை பிரியும் வீட்டில் மட்டுமே இந்த வரவுசெலவு மாதக் கடைசி வரை தாங்கும். அடுத்த மாதச் சாமான் பட்டியலை எழுதும்போது, எப்படியும் வந்துவிடும் அரிசியைக் கடைசியில் வைத்து, பயறுகளை முதல் வரியில் எழுதி, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதைச் செய்பவரின் பெயரையும் குறித்துக்கொள்வது நல்லது.