வண்டித்தடம்

காரைக்குடியிலிருந்து வேட்டங்குடிக்குத் தார்ச்சாலையில் போகிறவர்கள், குன்றக்குடி மலையையும் பிள்ளையார்பட்டிக் கோபுரத்தையும் வண்டியிலிருந்தபடியே கும்பிட்டுவிட்டு, திருப்பத்தூரில் ஒரு காப்பியும் குடித்துவிட்டு, காலைவெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிடலாம். அதே ஊருக்கு, வடக்கே கானாடுகாத்தான் வரையில் போய், அங்கிருந்து மேற்கே பொட்டல்களின் ஊடாகவும் கண்மாய்க் கரைகளின் மேலாகவும் ஒரு பகல் முழுவதும் உருண்டு போக வேண்டுமென்ற விபரீதமான ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. சென்ற தை மாதக் கடைசியில், பழைய ஜீப் ஒன்றும் அதன் குணதோஷங்களை அறிந்த ஓட்டுநர் ஒருவரும் வாய்த்தபோது அது நிறைவேறிற்று.

செட்டிநாடு என்றால் மாளிகைகள் என்றே ஜனங்கள் நினைக்கிறார்கள். பர்மாத் தேக்கும், முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சும், ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்கட்டுமாக நீண்டு கிடக்கும் வீடுகளும் பார்க்கத் தகுந்தவையே என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆயினும் ஓர் ஊர் மாளிகைக்கும் அடுத்த ஊர் மாளிகைக்கும் இடையே கிடக்கிற செம்மண் பூமியை ஏறெடுத்துப் பார்ப்பவர் அரிது. கொண்டுவிக்கக் கடல் கடந்து போன நகரத்தார் முதலில் கடந்தது இந்தப் பொட்டலைத்தான். 1930-ல் புதுக்கோட்டையிலிருந்து மானாமதுரைக்கு ரயில் வந்த பிறகும் நிலையத்திலிருந்து வீடுவரையில் மூட்டைகளைச் சுமந்தது மாட்டுவண்டியே.

செட்டிநாடு ரயில் நிலையத்தைக் கடந்தபோது பனி முழுவதும் விலகவில்லை. அங்கேயுள்ள அரசாங்கக் கால்நடைப் பண்ணைக்குள் போக முன்கூட்டியே அனுமதி பெற்றிருந்தோம். முழங்காலளவு கொழுக்கட்டைப் புல் கதிர் முற்றி வெளுத்துக் கிடக்க, அதன் நடுவே இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆங்கிலேயர் அமைத்த விமான ஓடுபாதை நீண்டு கிடந்தது. விரிசல்தோறும் அருகு முளைத்திருந்தது. பசுக்கள் அதன்மேல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. எங்கள் ஓசை கேட்டு ஆள்காட்டிக் குருவி ஒன்று ஊருக்கே முறையிடுவதுபோல் கத்திக்கொண்டு எழுந்தது.

அதற்கப்பால் பாதை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. இரண்டு பள்ளக் கோடுகள் புல்லைப் பிளந்துகொண்டு மேற்கே போயின, அவ்வளவே. மாட்டுவண்டிச் சக்கரங்களின் இடைவெளிக்கும் ஜீப் சக்கரங்களின் இடைவெளிக்கும் பொருத்தமில்லாமையால், ஒரு பக்கம் பள்ளத்திலும் மறுபக்கம் மேட்டிலுமாக, கப்பலில் போவதுபோலச் சாய்ந்தே போகவேண்டியிருந்தது. நேராகப் போனால் என்னவென்று ஓட்டுநர் இரண்டொரு தடவை தடத்தை விட்டு விலகிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் முட்புதரோ ஓடைச்சரிவோ எங்களைத் திருப்பி அனுப்பிற்று. தடம் வளைகிற இடத்தில் வளைய ஒரு காரணம் இருந்தது. அது ஊரணிக்கு ஊரணி போகிறது, மாடுகள் தண்ணீர் குடிக்க வேண்டுமாதலால். கண்மாயைக் கடக்கவேண்டிய இடத்தில், செம்பூராங்கல் படுகை கெட்டியாக இருக்கும் கலுங்கின் கீழே இறங்கி ஏறுகிறது. இந்தச் சாஸ்திரத்தை யாரும் ஏட்டில் எழுதி வைக்கவில்லை. மாடுகளின் குளம்பே எழுதியிருக்கிறது.

ஆத்தங்குடியில் பகலுணவு. பூக்கற்கள் வெயிலில் காய்வதைப் பார்த்துக்கொண்டே உண்டோம்.

இளையாத்தங்குடிக்குப் போகும் வழியில்தான் நாங்கள் சாஸ்திரத்தை மீறினோம். நீர் வற்றிக்கொண்டிருந்த கண்மாயின் உள்வாய் வழியே குறுக்காகப் போனால் அரை மணி நேரம் மிச்சமாகுமென்று யோசனை சொன்னவன் நானே. ஆகவே பின்சக்கரங்கள் அச்சு முட்டக் களிமண்ணில் இறங்கியபோது ஓட்டுநர் என்னைப் பார்த்த பார்வையை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டேன். அவர் மேலும் மேலும் முடுக்கினார். கரைமேல் ஆடுகளை மேயவிட்டு, துரட்டியை ஊன்றி நின்ற கீதாரி ஒருவர் இறங்கி வந்தார்.

"அமுக்க அமுக்க உள்ளதான் போகும் தம்பி, நிப்பாட்டுங்க. அய்யா, நீங்க சித்த எறங்கி நில்லுங்க."

கரையோரம் கிடந்த பனைமட்டைகளைப் பொறுக்கிவந்து, கருக்குப் பக்கம் கீழாகச் சக்கரங்களுக்கு முன்னே பதித்தார். ஜீப் ஒரு முனகலுடன் வெளியே வந்தது. அறுப்பு முடிந்த வயல்களில் கிடை போட்டுக்கொண்டு வருவதாகவும், மாசி பிறந்ததும் மந்தையோடு தஞ்சாவூர்ச் சீமைக்கு நடக்கப்போவதாகவும் சொன்னார். அத்தனை தூரமுமா நடப்பீர்கள் என்று கேட்டேன். "ஆடு நடக்குது, நம்ம பின்னாடி போறோம்" என்றார். கொடுத்த பணத்தை வாங்கவில்லை, வெற்றிலையை வாங்கிக்கொண்டார்.

கீழச்சிவல்பட்டி, திருப்பத்தூர் எல்லாம் விரைவில் கழிந்தன. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தைச் சேர்ந்த கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாயை நெருங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நீருக்குள் நின்ற கருவேல மரங்களில் இலை தெரியாதபடி நத்தைகுத்தி நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. அரசாங்கம் 1977-ல் இதைச் சரணாலயமாக்கிற்று. தீபாவளியன்றுகூடப் பட்டாசு வெடிக்காத வழக்கத்தை ஊரார் தாமாகவே கைக்கொண்டிருக்கிறார்கள்.

கரைப்பாதையின் நடுவே ஒரு பசு நின்றது. ஓட்டுநர் ஆரன்மேல் கையை வைத்தார். விறகுக்கட்டுடன் வந்த கிழவி ஒருத்தி தூரத்திலேயே கையை உயர்த்தினாள்.

"அடிக்காதப்பா, கூட்டுல குஞ்சு கெடக்கு."

ஓட்டுநர் இறங்கிப் போய், பசுவின் முதுகில் கையை வைத்து, மெல்லத் தள்ளலானார்.