கண் திறந்த பிறகு

பெரியப்பா கண் திறந்தது பதினொன்றாவது நாள். "முழிச்சுக்கிட்டாருப்பா, இனிமே பயமில்ல" என்று பெரியம்மா ஏனாத்தூரில் பாதித் தெருவுக்குப் போன் பண்ணிச் சொன்னார். மருத்துவர் மட்டும் நிதானமாக இருந்தார். "கண்ணு தொறந்திருக்கு. உங்களப் பாக்குறாரான்னு இன்னும் தெரியல."

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் அடுத்த ஒரு மாதம் எங்கள் வீட்டின் கேள்வி.

மூளைத்தண்டின் மேல்பகுதியிலிருந்து தலாமஸ் வழியாகவும் பெருமூளைப் புறணிக்கு ஏறும் நரம்புப் பாதைகளே நம்மை விழிக்க வைக்கின்றன. 1949இல் மொருஸ்ஸியும் மாகூனும் மயக்கத்திலிருந்த பூனைகளின் மூளைத்தண்டை மின்சாரத்தால் தூண்டினார்கள். மூளை அலைகள் விழிப்பு நிலைக்கு மாறின. பெரியப்பாவுக்கு ரத்தக் கொதிப்பால் கசிவு ஏற்பட்டது அந்தத் தலாமஸில்தான்.

அவர் நாற்பது வருடம் பட்டுத்தறியில் உட்கார்ந்தவர். முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால், உடலின் பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைப்பார்கள். "அந்த மாதிரி அறுந்தத முடிஞ்சிட முடியாதா தம்பி?" என்று பெரியம்மா என்னிடம் கேட்டார்.

மூளைக்குள் அப்படி முடியும் கை கிடையாது. அறுந்த நரம்பிழை பெரும்பாலும் அறுந்ததுதான். ஆனால் எல்லாமே அறுந்திருப்பதில்லை. ரத்தக்கட்டியும் வீக்கமும் அழுத்துவதால் சில இழைகள் வேலை செய்யாமல் கிடக்கும். வாரக்கணக்கில் ரத்தம் கரைந்து வீக்கம் வடியும்போது அவை மீளலாம். பெரும்பாலும் முதலில் கண் திறக்கும். அறிதல் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். 1974இல் உருவான கிளாஸ்கோ அளவுகோலில் தானாகக் கண் திறப்பதற்கு 4, சொன்னபடி கையை அசைப்பதற்கு 6, மொத்தம் 15.

2006இல் ஏட்ரியன் ஓவனின் குழு, விபத்துக்குப் பின் விழித்தும் எதற்கும் பதில் தராத ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொல்லி ஸ்கேன் எடுத்தது. நலமானவர்களின் மூளையில் இயங்கும் பகுதியே அவருக்கும் இயங்கியது. இதைப் படித்த பிறகு, "இனி தேறாது" என்று கட்டிலருகே பேச யாரையும் நான் விடவில்லை.

முப்பத்தெட்டாவது நாள், "கைய அழுத்துங்கப்பா" என்றதும் அவருடைய இடது கைவிரல்கள் மடங்கின. இரண்டாம் தடவையும் மடங்கின.

இப்போதும் பகலில் பாதி நேரம் அயர்ந்துவிடுகிறார். பத்து மணி வாக்கில்தான் தெளிவாக இருப்பார். பிசியோதெரபிக்கு அந்த நேரத்தையே கேட்டு வாங்கியிருக்கிறோம்.