தலையணைக்கு அடியில் 11 குளிசை



இதை எழுதுவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் இரண்டு நாளாகப் பேச்சு. கடைசியில் தங்கச்சியிடமே கேட்டோம். "என்ட பேரப் போடாம எழுதுங்க ராத்தா, இன்னொரு புள்ளைக்கு உதவட்டும்" என்றாள். ஆகவே எழுதுகிறோம்.

சீசர் பண்ணி ஆறாம் நாள் காலை, குடும்ப நல மாது வீட்டுக்கு வந்தார். பிள்ளையை நிறுத்துப் பார்த்தார். பிறகு தங்கச்சியைப் பார்த்தார். அவள் கட்டில் ஓரத்தில் முன்னுக்குக் குனிந்து, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி இருந்தாள். "நோவுக்கு மருந்து எடுக்கிறாவா?" என்று கேட்டார். நாங்கள்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னோம்: "அவ கேக்கிறதே இல்ல மிஸ். எங்கட தங்கச்சி சரியான பொறுமசாலி."

"பொறுமையா, பயமா?" என்றார் அவர்.

அவர் போன பிறகு விரிப்பை மாற்றத் தலையணையைத் தூக்கினோம். டிஷ்யூவில் சுற்றி வைத்த குளிசைகள். எண்ணிப் பார்த்தோம், 11. ஆஸ்பத்திரியில் சின்னக் கடதாசி உறைகளில் போட்டு, எத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று எழுதியும் தந்தவை. நாங்கள் கையில் கொடுப்போம், தண்ணீர் கோப்பையை வைப்போம், குசினிக்குப் போய்விடுவோம். அவள் வாயில் போடவே இல்லை.

ஏன் என்று கேட்டதும் அழுதாள். இரண்டு காரணம் சொன்னாள். இரண்டுமே எங்கள் வீட்டில் சொல்லப்பட்டவைதான்.

முதலாவது, உம்மா சொன்னது. "கனக்க மருந்து குடிச்சா பாலில போகும், புள்ளைக்குக் கூடாது." உம்மா இதை அன்பில்தான் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம்.

இரண்டாவது, பிள்ளை பார்க்க வந்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னது. "உனக்கென்ன புள்ள, நோவு காணாமப் பெத்திட்ட." இது அவளுக்கு இரண்டாவது பிள்ளை. மூத்தவன் சுகப்பிரசவம். இந்தப் பிள்ளை கால் கீழாக இருந்ததால் திகதி குறித்து சீசர் பண்ணினார்கள். பிரசவ நோவு வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் தோல், அதன் கீழே கொழுப்பு, பிறகு தடித்த சவ்வு, வயிற்றின் உள்சவ்வு, கடைசியில் கர்ப்பப்பை என்று ஒவ்வொரு படையாக வெட்டித் திறந்து, மீண்டும் தைத்த உடம்பு அது. முதுகில் போட்ட ஊசியின் விறைப்பு சில மணித்தியாலத்தில் விட்டுவிடும். அதற்குப் பிறகுதான் அவளுடைய நோவு தொடங்குகிறது. அந்த நேரத்தில் பார்க்க வருகிறவர்கள் பழச்சீப்போடு இந்தச் சொல்லையும் கொண்டு வருகிறார்கள். அதைக் கேட்ட பிறகு யாருக்கு "நோகுது" என்று சொல்ல வாய் வரும்?

அன்று பின்னேரமே உறைகளையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போனோம். அவர் பொறுமையாகச் சொன்னார். பரசிட்டமோலும் சரி, அவளுக்குக் கொடுத்திருந்த டைக்ளோபெனாக்கும் சரி, பாலில் போவது மிகச் சிறிய அளவு. பால் கொடுக்கும் தாய்மாருக்கு இவற்றைத்தான் வழமையாகக் கொடுக்கிறார்கள். கவனமாக இருக்க வேண்டியது கோடீன் கலந்தவற்றில். அதைப் பால் கொடுக்கும்போது எடுக்கக் கூடாது. ஆகவே வீட்டு அலுமாரியில் கிடக்கும் பழைய குளிசைகளைத் தேடிக் கொடுக்க வேண்டாம் என்றார். டைக்ளோபெனாக்கை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. ஆஸ்மா, அல்சர், சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எங்களுக்குப் புதிதாக இருந்தது இன்னொன்று. நோவு ஏறிய பிறகு மருந்து கொடுத்தால் அதை இறக்க நேரம் எடுக்கும். முதல் நாட்களில் நோவு வருகிறதோ இல்லையோ, நேரத்துக்குக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். அவளுக்கு 500 மில்லிகிராம் பரசிட்டமோல் இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் போகக் கூடாது. நாங்களோ "ஏலாமப் போனாச் சொல்லு" என்று காத்திருந்தவர்கள்.

நோவு அடங்காததால் நடந்ததெல்லாம் இப்போது விளங்குகிறது. இருமல் வந்தால் அடக்கிக்கொண்டாள். மூச்சை ஆழமாக இழுக்கவில்லை. நடக்கச் சொன்னால் "பிறகு" என்றாள். அறுவைக்குப் பிறகு நடக்காமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டும் ஆபத்து இருக்கிறது. பால் ஊறவில்லை என்று நாங்கள் வெந்தயமும் காயமும் அரைத்துக்கொண்டிருந்தோம். உடம்பு நோவில் இறுகியிருந்தால் பால் இறங்குவதே சுணங்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. தண்ணீரையும் குறைத்திருந்தோம், புண் நீர் கோர்க்குமாம். அதனால் மலச்சிக்கல். முக்கினால் தையல் இழுக்கும். ஒன்றுக்கு மேல் ஒன்றாக நோவை நாங்களே அடுக்கி வைத்திருக்கிறோம்.

எங்கள் வீட்டில் இரண்டு பேர் டீச்சர்மார். எங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தோம். பழைய வரவு இடாப்பு ஒன்றின் வெற்றுத் தாளைக் கிழித்து, 6 மணி, 12 மணி, 6 மணி, 12 மணி என்று கோடு போட்டுக் கட்டிலுக்கு மேலே ஒட்டினோம். விழுங்கினதைக் கண்ணால் கண்ட பிறகுதான் சரி போடுவது. நடுச்சாமக் குளிசை மாப்பிள்ளையின் பொறுப்பு. முதல் இரண்டு இரவு அலாரம் அடித்துப் பிள்ளையும் எழும்பி, வீடே விழித்திருந்தது. பிறகு போனைத் தலையணைக்குக் கீழே வைத்துப் பழகிக்கொண்டார்.

எழும்பும் விதத்தையும் மிஸ்தான் மறுநாள் வந்து காட்டித் தந்தார். மல்லாந்து கிடந்து நேரே நிமிரக் கூடாது. ஒரு பக்கம் திரும்பி, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழும்ப வேண்டும். இருமும்போதும் சிரிக்கும்போதும் சின்னத் தலையணையை வயிற்றில் அணைத்துப் பிடிக்க வேண்டும். பிள்ளையை மடியில் கிடத்தாமல், அதன் கால் பின்னுக்குப் போகும்படி அக்குளுக்குள் பிடித்துப் பால் கொடுத்தால் காயத்தில் பாரம் விழாது. உம்மா இறுக்கிக் கட்டியிருந்த வயிற்றுத் துணியைத் தளர்த்தினார். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுப்பது கர்ப்பப்பை சுருங்குவது, இரண்டாவது பிள்ளையில் அது கூடத்தான் இருக்கும், பயப்படாதே என்றார். மூன்று வயது மூத்தவனைத் தூக்கவே கூடாது என்றார். அவன் அழுத அழுகை வேறு கதை.

ஒன்றை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாள் நோவு குறையத்தான் வேண்டும். கூடிக்கொண்டு போனால், காய்ச்சல் வந்தால், காயம் சிவந்தால், ஊனம் வடிந்தால், கெட்ட வாடை வந்தால், கெண்டைக்கால் வீங்கி நொந்தால், மூச்சு எடுக்க ஏலாமல் போனால், குளிசை கொடுத்துப் பார்த்துக்கொண்டிராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"நோவைச் சொன்னா சபூர் இல்லாதவள் எண்டு நினைப்பாங்க" என்று தங்கச்சி ஓர் இரவு சொன்னாள். மர்யம் அலைஹிஸ்ஸலாம் ஈத்தமரத்தடியில் நோவு தாங்காமல் சொன்ன சொல்லையே குர்ஆன் மறைக்கவில்லை என்பதை அவளுக்கு ஞாபகப்படுத்தினோம். அதை வகுப்பில் எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருப்போம்! வீட்டுக்குள் படுத்திருந்தவளுக்குச் சொல்ல ஆறு நாள் கடந்துவிட்டது.

இரண்டாம் கிழமை அவள் தானாக எழும்பி முற்றத்தில் நடந்தாள். உம்மா திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு, "அந்த இடாப்பில எனக்கும் ஒரு கோடு போடுங்க மகள்" என்றார். எத்தனை வருஷமாக நோகிறது என்று கேட்டோம். ஏழோ எட்டோ என்றார்.