இருட்டைக் காப்பாத்துங்க பாஸ்!

ஊட்டி, கொடைக்கானல்னு போய் ட்ராஃபிக்கில் நின்னு டயர்டாகிட்டீங்களா? அப்போ ஒரு வீக்எண்டு ஜவ்வாது மலைக்கு வண்டியைத் திருப்புங்க!

போளூரிலிருந்து பஸ் ஏறி, ஜமுனாமரத்தூரில் இறங்கினோம் நாங்க நாலு பேர். பீமன் நீர்வீழ்ச்சியில் செம குளியல். மதியம் சாமைச் சோறு. இங்கே வாழும் பழங்குடி மக்களை 'மலையாளி'கள் என்பார்கள். உடனே கேரளாவைத் தேடாதீங்க, இவங்க பக்கா தமிழ் மலைவாசிகள்! சாமையும் தேனும் இவங்க ஸ்பெஷல்.

அடுத்து காவலூர். வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.3 மீட்டர் டெலஸ்கோப் இங்கேதான் இருக்கு. 1977-ல் யுரேனஸ் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. 1988-ல் இங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு நம்ம கணிதமேதை ராமானுஜன் பெயர்!

எல்லாம் ஒரே மலை. ஆனா மேப்பில்? பீமன் நீர்வீழ்ச்சி திருவண்ணாமலை மாவட்டம். காவலூர் திருப்பத்தூர் மாவட்டம். அடிவாரத்து அமிர்தி வேலூர் மாவட்டம். 2019-ல் திருப்பத்தூர் தனி மாவட்டமானதும் ஒரு மலைக்கு மூணு சொந்தக்காரங்க!

'அதனால என்ன?'ன்னு கேக்குறீங்களா? அன்னிக்கு ராத்திரி மலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் தங்கினோம். 'லைட்டை அணைச்சுட்டு மேல பாரு தம்பி' என்றார் அந்த வீட்டுப் பாட்டி. அணைச்சோம். அடேங்கப்பா... அத்தனை நட்சத்திரம்! டெலஸ்கோப்புக்கு மூலதனமே இந்த இருட்டுதான். நாளைக்கு ஒரு மாவட்டம் ரிசார்ட் கட்டி ஃபோகஸ் லைட் போட்டா, பக்கத்து மாவட்டத்து வானமும் வெளுத்துடும். வெளிச்சத்துக்கு எல்லைக்கோடு தெரியாதே!

சேர்ந்து யோசிச்சா வழி இருக்கு. இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸ், செஷல்ஸ், ரீயூனியன், மடகாஸ்கர் உள்ளிட்ட தீவுகள் 2010-ல் 'வெனிலா தீவுகள்' என்று ஒரே பெயரில் டூரிஸ்ட்டுகளை அழைக்க ஆரம்பிச்சாங்க. ஒரு தீவுக்கு வர்றவரை அடுத்த தீவுக்கும் கூட்டிப் போறதுதான் ஐடியா. தனித்தனி நாடுகளே கை கோக்கும்போது, மூணு மாவட்டத்தால் முடியாதா?

இன்னும் பொருத்தமான உதாரணம், லடாக்கின் ஹான்லே. காவலூரை நடத்தும் அதே இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தின் இன்னொரு ஆய்வகம் அங்கே இருக்கு. நிறுவனமும் லடாக் நிர்வாகமும் மலை கவுன்சிலும் 2022-ல் ஒப்பந்தம் போட்டு, சுற்றுவட்டாரத்தை 'இருள்வான் காப்பகம்' ஆக்கினாங்க. உள்ளூர் இளைஞர்களே பயிற்சி எடுத்து, டெலஸ்கோப்பில் வானம் காட்டி சம்பாதிக்கிறாங்க. விளக்குகளையும் கட்டுப்படுத்துறாங்க.

பகலில் அருவி, சாயங்காலம் சாமைச் சோறு, ராத்திரி மலையாளி இளைஞர்கள் கைடா இருந்து காட்டும் வானம்... மூணு மாவட்டமும் சேர்ந்து ஒரே ப்ளான் போட்டா எப்படி இருக்கும்!

அதுவரைக்கும் நம்ம பங்கு? பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்துட்டு வாங்க. சாமையும் தேனும் மலைக்காரங்ககிட்டயே வாங்குங்க. ராத்திரி அந்த செல்போன் டார்ச்சை மட்டும் கொஞ்சம் அணைச்சுடுங்க, ப்ளீஸ்!